பனிக்காலத்தில் வீட்டு ஆமை

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது தமிழரிடையே நெடுங்காலமாக வழங்கும் பழமொழி. ஆங்கிலேயருக்கு அவ்வச்சம் சிறிதும் இல்லை. கடையிற் பணங்கொடுத்து வாங்கி, கண்ணாடித் தொட்டியில் நீர் நிரப்பி, வரவேற்பறையிலே இடமும் ஒதுக்கி, அதற்கொரு பெயருஞ் சூட்டி வளர்ப்பது அவர்தம் வழக்கமாயிற்று. அத்தகைய வீடொன்றில், மார்கழி மாதத்து மாலைப்பொழுதில், பாடசாலையிலிருந்து திரும்பிய சிறுவன் ஒருவன் தொட்டியை எட்டிப் பார்க்கிறான் என்று வைத்துக்கொள்வோம். காலையில் இட்ட உணவு அப்படியே மிதக்கின்றது. ஆமை அடியிற் கிடக்கின்றது, தட்டினாலும் அசையவில்லை. “அம்மா, இது உறங்குகிறதா, செத்துப்போயிற்றா?” என்று அவன் கேட்கிறான். “குளிர்காலமல்லவா, உறங்குகிறது, எழுப்பாதே” என்கிறாள் தாய். அன்பினாற் கூறிய அந்த விடையினால் மாண்டுபோன ஆமைகள் எண்ணில.

உறவினர் பலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் குடியிருக்கும் இந்நாளில், அச்சிறுவனின் வினா தொலைபேசி வழியே யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் வந்து சேர்ந்தாலும் வியப்பில்லை. ஆண்டு முழுவதும் வெப்பம் மாறாத நாட்டிலே பிறந்தவர்க்கு விடை கூறுதல் கடினமே.

ஆமைகளுள் நிலத்தில் வாழ்வன உண்டு, கடலில் வாழ்வன உண்டு, குளங்களிலும் ஆறுகளிலும் வாழ்வன உண்டு. இறுதியிற் சொன்ன நன்னீர் ஆமையையே ஆங்கிலேயர் ‘டெரபின்’ என்பர். அச்சொல் அமெரிக்கப் பழங்குடியினரின் அல்கொன்கிய மொழிகளிலிருந்து வந்தது. வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்பட்ட ஆமையும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. கண்ணுக்குப் பின்னே சிவந்த பட்டையொன்று உடைமையால் அதற்குச் செங்காது ஆமை என்று பெயர். மிசிசிப்பி ஆற்றுப் படுகை அதன் தாயகம். முட்டையிலிருந்து வெளிவந்தபோது ஒரு பெரிய நாணயத்தின் அளவே இருக்கும். முதிர்ந்த பெண் ஆமையோ 25 சென்ரிமீற்றருக்கு மேலும் வளர்ந்து ஒரு சோற்றுக் கோப்பையை நிறைக்கும். செவ்வனே பேணினால் 30 ஆண்டும் வாழும். வாங்கிக் கொடுத்த பெற்றோரிற் பலர் இவ்விரண்டு செய்தியையும் அறியாமலே வாங்கினர்.

பாம்பு, பல்லி முதலியவற்றைப் போல ஆமையும் தன் உடலுக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் இல்லாதது. மனிதனுடைய உடல் பனியிலும் வெயிலிலும் 37 பாகையிலேயே நிற்கும். அதற்காக அவன் உண்ணும் உணவிற் பெரும்பகுதி எரிந்துபோகின்றது. ஆமை அச்செலவை மேற்கொள்வதில்லை. நீரின் வெப்பம் எதுவோ அதுவே அதன் உடலின் வெப்பம். வெப்பம் குறையக் குறைய இதயத் துடிப்பும், சீரணமும், தசைகளின் இயக்கமும், நோயை எதிர்க்கும் ஆற்றலும் ஒருங்கே தளரும். சிக்கனமான வாழ்க்கைதான், ஆயினும் வெப்பத்தை அளந்து கொடுக்கும் பொறுப்பை வெளியுலகின் கையிலே விட்டுவிட்ட வாழ்க்கை. கண்ணாடித் தொட்டியில் அவ்வெளியுலகம் என்பது வளர்ப்பவனே.

இயற்கையில் இவ்வாமை பனிக்காலத்தை எவ்வாறு கழிக்கின்றது? மற்றைத் திரவங்கள் குளிரக் குளிரச் சுருங்கிக் கனத்துக்கொண்டே போகும். நீர் அப்படியன்று. 4 பாகை சென்ரிகிரேட்டில் அது தன் கனத்தின் எல்லையை அடைந்து, அதற்கும் கீழே குளிருமாயின் மீண்டும் விரிந்து இலேசாகி மேலே வருகின்றது. ஆகையால் ஆழமான குளத்தின் மேற்பரப்பு பனிக்கட்டியாய் உறைந்த பின்னரும் அடித்தளத்திலே 4 பாகை நீர் உறையாமல் தங்கியிருக்கும். நீரின் இந்த விசித்திரக் குணம் இல்லையேல் வடநாட்டுக் குளங்களில் மீனும் இல்லை, ஆமையும் இல்லை. ஆமை அந்த அடித்தளத்துக்கு இறங்கிச் சேற்றிலோ, வேர்களிடையிலோ, கரையோரப் பொந்திலோ ஒதுங்குகின்றது. உண்பதில்லை, மேலே வந்து மூச்சு வாங்குவதும் இல்லை. நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனைத் தோலின் வழியாகவும் வாயின் உட்சவ்வின் வழியாகவும் சிறிது உறிஞ்சிக்கொள்ளும்.

அந்த ஒட்சிசனும் தீர்ந்துவிட்டால்? இக்கேள்விக்கு விடை தேடியவர் அமெரிக்காவின் பிறவுண் பல்கலைக்கழகத்து உடற்றொழிலியல் அறிஞர் டொனால்ட் ஜாக்சன். செங்காது ஆமைக்கு நெருங்கிய உறவினதான வண்ண ஆமையை அவரும் அவருடன் பணியாற்றியோரும் ஆராய்ந்தனர். 3 பாகை நீரில், ஒட்சிசன் அறவே இல்லாத நிலையிலும், அவ்வாமை மூன்று மாதத்துக்கு மேல் உயிர்தாங்கி நிற்கக் கண்டனர். அந்நிலையில் இதயம் சில நிமிடங்களுக்கு ஒருமுறையே துடிக்கின்றது. ஒட்சிசன் இன்றி உடல் இயங்கும்போது, தயிரைப் புளிக்கவைக்கும் அதே அமிலம் குருதியிற் பெருகும். ஓட்டப்பந்தயம் ஓடியவனின் தசைகளில் சிறிது நேரம் சேர்வதும் அவ்வமிலமே. மூன்று மாதம் சேர்ந்தால் எவ்வுயிரும் மடியவேண்டும். ஆமை மடியாமைக்குக் காரணம் அதன் ஓடு. ஓட்டிலும் எலும்பிலும் உள்ள சுண்ணாம்புச் சத்து கரைந்து வந்து குருதியின் புளிப்பைத் தணிக்கின்றது. அன்றியும், சேர்ந்த அமிலத்தில் ஏறத்தாழ அரைப்பங்கை ஓடும் எலும்பும் தமக்குள்ளே வாங்கி அடைத்துவைக்கின்றன. பகைவருக்கு அஞ்சி அணிந்த கவசம் என்றே உலகம் ஓட்டைக் கருதிவந்தது. புலனடக்கத்துக்கு ஆமையை உவமை கூறிய வள்ளுவர் இதனை அறிந்திருப்பின் மகிழ்ந்திருப்பார்.

எல்லா நன்னீர் ஆமைகளுக்கும் இவ்வல்லமை ஒரே அளவாக வாய்க்கவில்லை. மென்னோட்டு ஆமை போன்றவை ஒட்சிசன் நிறைந்த நீர் இன்றேல் நெடுநாள் தாங்கா. வெப்ப நாடுகளில் தோன்றிய இனங்களுக்குப் பனிக்காலமே தெரியாது. இலங்கைக் குளங்களில் வாழும் பாலாமை உறங்குவது குளிருக்கு அஞ்சியன்று; வறட்சியிலே குளம் வற்றும்போது சேற்றிற் புதைந்து, மழை வரும்வரை காத்துக்கிடக்கும். அதனை 4 பாகை நீரில் இட்டால் அது உறக்கம் ஆகாது, கொலையே ஆகும். ஆகவே தொட்டியில் இருக்கும் ஆமை எந்நாட்டது என்று அறியாமல் அதன் பனிக்காலத்தைப் பற்றி எவரும் முடிவு செய்தல் தகாது.

ஆங்கிலேயருக்கு ஆமையின் உறக்கத்தைக் கற்பித்தவர்களுள் முதன்மையானவர் செல்போர்ண் என்னுஞ் சிற்றூரில் வாழ்ந்த பாதிரியார் கில்பர்ட் வைற். அவருடைய அத்தை வளர்த்த தரையாமையை, அவர் இறந்தபின், 1780 ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் மண்ணுக்குள்ளிருந்து தோண்டியெடுத்து, மண்ணோடு பெட்டியில் வைத்து, குதிரை வண்டியில் 80 மைல் தூரம் கொண்டுவந்தார். பயணத்தின் அலைச்சலில் ஆமை விழித்துக்கொண்டது. தோட்டத்தில் இறக்கிவிட்டதும் இரண்டுமுறை நடந்து பார்த்தது. மாலையிற் குளிர் தட்டவே மீண்டும் மண்ணைத் தோண்டி உள்ளே போய்விட்டது. 1789 இல் வெளிவந்த அவருடைய நூலால் அந்த ஆமை புகழ்பெற்றது. திமொத்தி என்று ஆண்பெயரால் அழைக்கப்பட்ட அது பெண் என்பது அது இறந்த பின்னரே தெரியவந்தது. ஆயினும் அப்புகழால் ஒரு தீங்கும் விளைந்தது. தரையாமையை வைக்கோற் பெட்டியில் இட்டு உறங்கவைக்கும் வழக்கம் வீடுதோறும் பரவ, நன்னீர் ஆமையையும் அவ்வாறே பெட்டியில் இட்டு மூடினர் சிலர். நீர்வாழ் ஆமை நீரின்றிக் கிடந்தால் நாளடைவில் உடல் வரண்டு இறந்துபோகும். திமொத்தியிடம் கற்கத்தக்க பாடம் வேறொன்று: தனக்கு எது வேண்டும் என்பதை அது தானே தீர்மானித்தது, குளிர் தட்டிய மாலையே மண்ணுக்குள் இறங்கியது. தொட்டியில் உள்ள ஆமைக்கு இறங்கிச் செல்ல இடமில்லை.

சிறுவனின் தொட்டிக்கு மீள்வோம். பனிக்காலத்திலும் ஆங்கிலேயர் வீட்டின் அறை உறைபனி நிலைக்குச் செல்வதில்லை. பகலில் வெப்பமூட்டி எரிகின்றது, இரவில் அணைக்கப்படுகின்றது. சூடாக்கும் கருவி இல்லாத தொட்டியின் நீர் 12 முதல் 18 பாகைவரை ஏறியிறங்கிக் கொண்டிருக்கும். தீமையெல்லாம் இந்த இடைநிலையிலேதான் இருக்கின்றது. 4 பாகையில் ஆமையின் செலவு நின்றுவிடுகின்றது. 25 பாகையில் வரவும் செலவும் ஒத்து நடக்கின்றன. 15 பாகையிலோ செலவு உண்டு, வரவு இல்லை. அது அசையும், விழித்திருக்கும், சேமித்த கொழுப்பை எரிக்கும். ஆயினும் பசி எழாது. முன்னர் உண்ட உணவு குடலிற் சீரணிக்காமல் தங்கி அழுகும். நோய் எதிர்ப்பு ஆற்றல் தளர்ந்திருக்க, நீரிலுள்ள நுண்கிருமிகள் தளர்வதில்லை. முதலில் கண் வீங்கும்; மூக்கில் குமிழி தோன்றும்; பின்னர் நுரையீரலில் அழற்சி கண்டு, ஒருபுறம் சாய்ந்தே நீந்தும். வாயைத் திறந்தபடி கழுத்தை நீட்டி மூச்சு வாங்கத் தொடங்கினால் நோய் முற்றிவிட்டது என்பது பொருள். இவற்றை உறக்கத்தின் அடையாளம் என்று எண்ணி வாளாவிருப்போர் பங்குனி மாதத்தில் வெற்றோட்டைக் காண்பர். அரைக்குளிர்தான் ஆமைக்குப் பகை, முழுக்குளிர் அன்று.

ஆதலின் வளர்ப்பவர் முன்னே இரண்டு வழிகளே உள்ளன. ஒன்று, பனிக்காலம் என்பதே தெரியாதபடி அதனை வெப்பத்தில் வைத்திருத்தல். மற்றொன்று, உண்மையான குளிரில் முறைப்படி உறங்கவைத்தல். வீட்டு ஆமையிற் பெரும்பாலானவற்றுக்கு முதலாவதே ஏற்றது. உறங்காவிட்டால் உடல்நலம் கெடும் என்று அஞ்சவேண்டியதில்லை. இனப்பெருக்கம் செய்விப்போர்க்கே குளிர்ப்பருவம் பெரிதும் பயன்படுவது. பிறந்து இரண்டு மூன்று ஆண்டு நிரம்பாத குஞ்சுகளையும், மெலிந்தவற்றையும், அவ்வாண்டு நோயுற்றவற்றையும் உறங்கவைத்தல் ஆகாது.

வெப்பத்தில் வைப்போர் நீரை 24 முதல் 27 பாகைக்குள் நிறுத்தவேண்டும். நீரினுள் அமிழ்த்தும் மின்சூடாக்கியும் அதனைத் தானே நிறுத்தி இயக்கும் சாதனமும் இதற்கு உண்டு. பெரிய ஆமை முட்டிக் கண்ணாடிச் சூடாக்கியை உடைத்துவிடுவதுண்டாதலால் அதற்கு ஒரு காப்புக் கூடு இன்றியமையாதது. நீர் மட்டும் சூடாயிருந்தாற் போதாது. ஆமை ஏறி உலர்வதற்கு ஒரு கல்லோ மேடையோ வேண்டும். அதன்மேல் ஒளிவீசும் மின்குமிழ் அவ்விடத்தை 30 பாகைக்குச் சற்று மேலாக வைத்திருக்கவேண்டும். பலர் தவறும் இடம் ஒன்று உண்டு: நீர் வெதுவெதுப்பாய் இருக்க, நீருக்கு மேலுள்ள காற்று அறையின் குளிரோடு இருப்பது. சூடான நீரிலிருந்து தலையைத் தூக்கிக் குளிர்காற்றை இழுக்கும் ஆமைக்கு நுரையீரல் நோய் எளிதில் வரும். தொட்டியின் மேற்புறத்தைக் காற்றுப் போக்குவரத்துக்கு இடம்விட்டு மூடிவைத்தால் இக்குறை நீங்கும்.

ஒளியைப் பற்றியும் கூறவேண்டும். இங்கிலாந்தில் மார்கழியில் சூரியன் எட்டுமணி நேரமே வானில் நிற்பான். அவ்வெயிலும் சாளரக் கண்ணாடியூடே வரும்போது அதிலுள்ள புறஊதாக் கதிரின் பயன்படும் பகுதி கண்ணாடியிலே தங்கிவிடும். அக்கதிர் இன்றேல் ஆமையின் உடலில் விற்றமின் ‘டீ’ உண்டாகாது. அது உண்டாகாவிடில் உண்ட கல்சியம் ஓட்டிலே சேராது. ஓடு மெதுவாகி, விரலால் அழுத்தினால் தோற்பை போல் அமுங்கும். இதற்கெனச் செய்யப்பட்ட புறஊதா விளக்கை நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடுதல் வேண்டும். கண்ணுக்கு ஒளி தெரிந்துகொண்டிருந்தாலும் புறஊதாக் கதிர் சில மாதங்களில் குன்றிவிடுமாதலால், தயாரித்தவர் குறித்த காலத்தில் விளக்கை மாற்றவேண்டும். மின்சாரக் கட்டணம் உயர்ந்த வீடுகளில் முதலில் அணைக்கப்படுவது இவ்விளக்கே என்பது வருந்தத்தக்கது.

உறங்கவைக்கும் வழி பொறுமையுடையோர்க்கே உரியது. ஐப்பசியில் ஆமை நன்றாய் இருக்கின்றதா என்று மிருக வைத்தியரிடம் காட்டி, நிறையையும் குறித்துக்கொள்ளவேண்டும். பின்னர் நீரைச் சூடாக வைத்திருந்தபடியே மூன்று நான்கு கிழமைகள் உணவை நிறுத்தவேண்டும். உணவை நிறுத்துவதோடு சூட்டையும் குறைத்துவிடுவோர் உண்டு; குடல் காலியாவதற்குச் சூடு தேவை என்பதை அவர் மறந்துவிடுகின்றனர். குடல் காலியானபின் வெப்பத்தையும் ஒளியையும் நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் குறைத்து 5 பாகை அளவுக்குக் கொண்டுவரல் வேண்டும். அங்கிருந்து 10 பாகைக்கு மேல் ஏறினால் ஆமை அரைகுறையாய் விழித்துச் சேமிப்பை எரிக்கும்; உறைநிலைக்குக் கீழே இறங்கினால் திசுக்களில் பனிக்கட்டி உண்டாகி உயிர் போகும். இக்கட்டுப்பாட்டுக்காகவே இக்காலத்தில் சிலர் தனியாக ஒரு குளிர்சாதனப் பெட்டியை ஒதுக்கிவைக்கின்றனர். கூடத்து நண்பர் எவரும் அறியாமற் கதவைத் திறந்தால் திகைக்கக்கூடும். ஆயினும் முறை நல்லதே. ஆமையின் ஓட்டை மூடுமளவே நீர் ஊற்றிய பெட்டியில், நீந்தாமலே மூக்கை மேலே நீட்டக்கூடிய வகையில் அதனை வைத்து, நாள்தோறும் கதவைச் சிறிது திறந்து புதுக்காற்றுப் புகவிடுவர். நீரை அடிக்கடி மாற்றுவர். இரண்டு மாதத்துக்கு மேற்படாமல், வந்த படிகளின் வழியே மெல்ல மெல்ல வெப்பத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவர்.

தோட்டக் குளத்தில் விடுவோர் குளத்தின் ஆழத்தை முதலில் அளக்கவேண்டும். ஒரு முழ ஆழக் குளம் கடும்பனியில் அடிவரை உறைந்துவிடக்கூடும். ஒரு மீற்றர் ஆழமேனும் இருத்தல் நலம். உதிர்ந்த இலைகளை இலையுதிர் காலத்திலேயே வாரிவிடவேண்டும்; அவை அடியிற் கிடந்து அழுகினால் நீரிலுள்ள ஒட்சிசனைத் தின்றுவிடும். மேலே உறைந்த பனிக்கட்டியைச் சம்மட்டியால் உடைப்பது வழக்கமாயிருந்தது. அவ்வதிர்ச்சி அடியில் இருக்கும் உயிர்களைத் தாக்குமாதலால், சுடுநீர்ப் பாத்திரத்தை வைத்து உருகச்செய்து ஒரு துளை ஏற்படுத்துவதே சிறந்தது. எல்லாவற்றினும் பெரிய இடர் கடும்பனி அன்று. மாசி மாதத்தில் எதிர்பாராமல் வரும் நாலைந்து நாள் வெயில். அவ்வெயிலை நம்பி மேலே வந்த ஆமை, அடுத்த கிழமைக் குளிரிலே அகப்பட்டுத் தளர்ந்துவிடும்.

இத்துணை சிரமம் உண்டென்று அறிந்ததும் ஆமையை எடுத்துக்கொண்டு பொதுப் பூங்காவின் குளத்துக்குச் சென்றவர் பலர். 1980 களின் பிற்பகுதியில், வீரச்செயல் புரியும் ஆமைகளைப் பற்றிய சித்திரத் தொடர் ஒன்று பிள்ளைகளை மயக்க, செங்காது ஆமைக் குஞ்சுகள் இலட்சக்கணக்கில் அமெரிக்கப் பண்ணைகளிலிருந்து உலகெங்கும் சென்றன. அவை வளர்ந்து தட்டளவு ஆனதும் குளங்களிற் கைவிடப்பட்டன. குஞ்சும் நோயுற்றதும் முதற் பனிக்காலத்திலேயே மடிந்தன; வலியவை தப்பிப் பிழைத்து உள்ளூர் உயிர்களோடு போட்டியிட்டன. 1997 ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் இவ்வாமையின் இறக்குமதியைத் தடுத்தது; 2016 இல் அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியலிற் சேர்த்து, விற்பனையையும் இனப்பெருக்கத்தையும் தடைசெய்தது. முன்னரே வளர்த்தோர் தப்பவிடாது காத்து, அது இறக்கும்வரை வைத்திருக்கலாம். பிரித்தானியாவில் இத்தகைய உயிரைத் திறந்த வெளியில் விடுவது 1981 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும். ஆகையால் இன்று அங்கே தொட்டிகளில் இருப்பவற்றிற் பல வயது முதிர்ந்த ஆமைகள். அவற்றை வாங்கிய பிள்ளைகள் வளர்ந்து வேற்றூர் சென்றுவிட, பெற்றோர் பேணிக்கொண்டிருக்கின்றனர்.

பேணுவோர் தம்மையும் காத்துக்கொள்ளவேண்டும். ஆமை நோயின்றி இருக்கும்போதே சல்மொனெல்லா என்னும் கிருமியைச் சுமக்கக்கூடும். குழந்தைகளிடையே அது பரவியதனாலேயே 1975 இல் ஐக்கிய அமெரிக்கா 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை நிறுத்தியது. பனிக்காலத்தில் வெளியே நீர் உறைந்திருக்க, தொட்டியைச் சமையலறைத் தொட்டியிலே கழுவும் ஆசை தோன்றும்; அது வேண்டாம். தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதும் மறக்கலாகாது.

சிறுவனின் வினா இன்னும் இருக்கின்றது. அசையாத ஆமை உறங்குகிறதா, இறந்ததா? முதலிற் செய்யவேண்டியது ஆமையைத் தொடுவதன்று. நீரில் வெப்பமானியை இடுவது. 14, 15 பாகை காட்டினால் அது உறங்கவில்லை, விறைத்துக் கிடக்கின்றது. தலை தாழ்ந்தாலும் மூழ்காத அளவு ஆழமற்ற நீருக்கு மாற்றி, ஓரிரு நாளில் மெதுவாக 24 பாகைக்கு உயர்த்தவேண்டும். சுடுநீரைத் திடீரென ஊற்றலாகாது. பின்னங்காலை இலேசாக இழுத்தால் அது மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்கின்றதா, கண்ணோரத்தைத் தொட்டால் இமை சிறிதேனும் அசைகின்றதா என்று பார்க்கவேண்டும். இரண்டும் இல்லையென்றாலும் இறந்தது என்று கூறிவிட முடியாது. குளிர்ந்த ஆமையின் இதயத் துடிப்பு செவிக்கு எட்டாது. இதற்கு மாறாக, இறந்த ஆமையின் இதயம் சில மணி நேரம் துடித்துக்கொண்டிருப்பதும் உண்டு. ஊர்வனவற்றில் பயிற்சி பெற்ற மிருக வைத்தியர் ஒலியலைக் கருவிகொண்டு சோதிப்பார். அவரும் ஐயமுற்றால் வெப்பத்தில் வைத்து ஒருநாள் பொறுத்துப் பார்ப்பார். இறந்ததாயின் அழுகல் நாற்றம் தானே தெரிவிக்கும். அதுவரை தோட்டத்திற் குழி தோண்ட அவசரமில்லை.